ஏப்பச் சான்று

எங்கள் குடும்பத்தில் அடுத்தவர் முன்னால் ஏப்பம் விட்டவர்கள் கிடையாது. சாப்பாட்டு மேசையில் தும்மல் வந்தால்கூட என் தகப்பனார் எழுந்து அடுத்த அறைக்குப் போய்த் தும்மிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார். அப்படிப்பட்டவரின் பேத்தி, என் மகள், நூற்று ஐம்பத்தைந்து நாள் ஓர் அரசு அலுவலரின் மூக்குக்கு நேராக ஏப்பம் விட்டாள். பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் எண்ணிக்கை கூடிவிடும்.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவன். கண்ணால் காணாத எதற்கும் சாட்சிக் கையெழுத்துப் போட்டதில்லை. வயதை இரண்டு வருஷம் குறைத்து ஒரு காகிதம் வேண்டும் என்று என் மைத்துனர் வந்தபோது, அவருக்குத் தேநீர் கொடுத்து, அதைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு வாசல்வரை வந்து வழியனுப்பினேன். பதினோரு வருஷமாக அவர் எங்களோடு பேசுவதில்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

மனைவி போன பிறகு வீட்டில் நானும் மகளும்தான். அவளுக்கு முப்பத்தாறு வயது. பொய்ப்பல் செய்வது அவள் தொழில். பல் மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில், அச்சு எடுத்த வெள்ளைச் சாந்தின்மேல் மெழுகைச் சொட்டவிட்டு, எழுதுகோல் மாதிரி இருக்கும் கத்தியால் ஒவ்வொரு பல்லாகச் செதுக்குவாள். கடைவாய்ப் பல்லின் குழிகள் ஒவ்வொருவருக்கும் வேறு மாதிரி இருக்கும் என்பதை அவள் சொல்லித்தான் அறிந்தேன். அவள் செய்த பல்லைப் போட்டுக்கொண்டு போனவர்கள், அது பொய்ப்பல் என்பதையே மறந்து அதில் கொட்டை உடைத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள். என் வாயில் இருக்கும் நான்கும் அவள் செய்தவை.

இருபது வயதிலிருந்தே அவளுக்கு சோரியாசிஸ். முழங்கை, முழங்கால், நெற்றியில் முடி தொடங்கும் இடம். சிவந்து தடித்து, வெள்ளையாகப் பொடி உதிரும். தொற்றுநோய் இல்லை. இருந்தாலும் பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை கடைசியாகத்தான் நிரம்பும். களிம்பும், வாரம் இரண்டு முறை ஒளிச் சிகிச்சையும் போதுமானதாக இருந்தன. அப்புறம் ஒரு நாள் வலது ஆள்காட்டி விரல் வீங்கியது.

தோல் டாக்டர் அந்த விரலை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். அந்த அம்மாள் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"இது இனிமே வெறும் தோல் விவகாரம் இல்லம்மா. மூட்டுக்குள்ள போயிடுச்சு. ஆறு மாசத்துக்குள்ள ஊசி ஆரம்பிக்கணும். விட்டா விரல் வளைஞ்சு அப்படியே நின்னுடும்."

"நின்னா, அப்புறம் நிமிருமா டாக்டர்?"

"நிமிராது."

அந்த ஊசிக்கு அரசு மருத்துவ வாரியத்தின் அனுமதி வேண்டும். டாக்டர் அங்கேயே விண்ணப்பம் எழுதினார். அவர் எழுதி முடிக்கும் நேரத்தில் என் மகள் கேட்டாள்: "மீன் எண்ணெய் மாத்திரை நல்லதுன்னு சொல்றாங்களே, அதையும் சாப்பிடலாமா?"

"சாப்பிடுங்க, தப்பில்ல. சிலருக்கு அரிப்பும் சிவப்பும் கொஞ்சம் குறையுது. பல பேருக்கு ஒண்ணும் தெரியறதில்ல. ஆனா மருந்தோட சேத்துத்தான். மருந்துக்குப் பதிலா இல்ல."

சொன்னதோடு விட்டிருக்கலாம். ஒழுங்கானவர் என்பதால் விண்ணப்பத்தின் அடியில் அதையும் ஒரு வரி எழுதினார்: "துணையாக மீன் எண்ணெயும் எடுத்துக்கொள்ளலாம்."

அந்த ஒரு வரியால் எங்கள் கோப்பு மாடிக்குப் போகாமல் கீழேயே நின்றுவிட்டது.

வாரியத்தில் மாடியில் இருப்பது பிரதான சிகிச்சைப் பிரிவு. கீழே இருப்பது துணைச் சிகிச்சைப் பிரிவு. துணை என்ற சொல் எங்காவது கண்ணில் பட்டால் கோப்பு கீழேதான் முதலில் வரவேண்டும். துணையைச் சோதித்து முடிக்காமல் பிரதானத்தைத் தொடக்கூடாது என்பது விதி. கீழ்த்தளத் தலைவரின் அறையில் சுவர் முழுக்க ஒரு மீன் படம். அதன் கண் நாம் எங்கே உட்கார்ந்தாலும் நம்மையே பார்த்தது. தலைவர் அன்பானவர். எழுந்து நின்று வரவேற்றார்.

"இருபத்து நாலு வாரம், பெரியவரே. தினம் மூணு மாத்திரை. எங்க முன்னாடி விழுங்கணும். அதுவரைக்கும் களிம்பு, ஒளி, எல்லாத்தையும் நிறுத்திடுங்க."

"டாக்டர் மருந்தோட சேத்துத்தான்னு சொன்னாங்க. துணைன்னா கூட இன்னொண்ணு இருக்கணும்ல?"

தலைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. ரெண்டு பேர் சேந்து ஒரு மேசையைத் தூக்கறாங்க. துணைக்கு வந்தவன் நெஜமாவே தூக்கறானா, சும்மா கைய வெச்சிருக்கானான்னு எப்படித் தெரியும்? மொதல் ஆளை எடுத்துடணும்."

"மேசை விழுந்துட்டா?"

"தெரிஞ்சு போச்சுல்ல?" என்றார் மகிழ்ச்சியாக.

என் மகள், "விரலுக்கு ஆறு மாசந்தான் நேரம் இருக்கு சார்" என்றாள்.

"இருபத்து நாலு வாரம் அஞ்சரை மாசம். பதினஞ்சு நாள் மிச்சமே இருக்கும்மா. நாங்க உங்க விரலை நெனச்சுத்தான் திட்டமே போட்டிருக்கோம்."

நான் இரண்டு இடங்களில் கையெழுத்துப் போட்டேன். மகளும் போட்டாள். எங்கள் மாதிரிக் கையெழுத்துகளை ஓர் அட்டையில் ஒட்டிக் கோப்பில் சேர்த்தார்கள். அவளுடைய கையெழுத்தைப் பார்த்து எழுத்தர், "முத்து முத்தா இருக்கே" என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு விழுங்கும் கூடத்துக்குப் போனோம். வரிசையாக நாற்காலிகள். ஜன்னல் பக்கம் வெற்று வட்டங்கள், ஒரு காலத்தில் பூந்தொட்டிகள் இருந்த தடங்கள். யாரோ ஒரு நோயாளி மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கித் தொட்டியில் துப்பியிருக்கிறார். விசாரணைக் குழு போட்டார்கள். குழுவின் பரிந்துரைப்படி தொட்டிகளை அகற்றினார்கள், ஏப்பத்தைச் சேர்த்தார்கள்.

விழுங்கல் சாட்சி அலுவலர் என்பது அவர் பதவி. எல்லோரும் அவரை மூக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். மாத்திரை மூன்றும் போனதும் விளக்கடித்து வாய்க்குள் பார்ப்பார். நாக்கைத் தூக்கச் சொல்வார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். ஏப்பம் வரும்போது குனிந்து முகர்ந்து பதிவேட்டில் எழுதுவார்: மீன் தெளிவு, அல்லது மீன் சந்தேகம், அல்லது மீன் இல்லை. தெளிவு என்றால் மட்டுமே அந்த நாள் கணக்கில் சேரும்.

முதல் நாள் என் மகளுக்கு ஏப்பம் வரவில்லை. வந்ததோ என்னவோ, அவள் விடவில்லை. பன்னிரண்டரை வரை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, வெக்கப்படாதீங்க" என்றார் மூக்கர். "என்னை ஒரு மனுஷனாவே நெனைக்காதீங்க. எங்க வீட்ல அப்படித்தான்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்போடு சேர்ந்து அது வந்துவிட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மீன் தெளிவு" என்று எழுதி, என்னிடமும் ஒரு கையெழுத்து வாங்கினார், குடும்பச் சாட்சியாக. முப்பத்து நான்கு வருஷம் நிலத்துக்கும் வீட்டுக்கும் உயிலுக்கும் சாட்சி சொன்ன கை. போட்டேன். அது உண்மையாக நடந்தது, நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

இப்படியாக நாட்கள் போயின. ஞாயிற்றுக்கிழமை வாரியம் மூடியிருக்கும் என்பதால் அன்று மாத்திரை சாப்பிடக்கூடாது. சாட்சியில்லாமல் சாப்பிட்டால் கணக்கு கெட்டுவிடும். ஏழாவது வாரம் மூக்கருக்கு ஜலதோஷம் பிடித்தது. பதினோரு நாள் அவருக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. நேர்மையான மனிதர், பதினோரு நாளும் எல்லோருக்கும் 'சந்தேகம்' என்றே எழுதினார். அந்தப் பதினோரு நாளும் எங்கள் சோதனையின் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டன. மிச்சமிருந்த பதினைந்து நாளில் நான்குதான் மிஞ்சின.

"மாற்று ஆள் கிடையாதா?" என்று தலைவரிடம் கேட்டேன்.

"மூக்குக்குப் பயிற்சி ரெண்டு வருஷம் பெரியவரே. மேல இருக்கற டாக்டர்களைக் கூட அவ்வளவு கண்டிப்பா எடுக்கறதில்ல."

மாதம் ஒரு முறை பொடிக் கணக்கெடுப்பு. கறுப்புத் துணியை விரித்து அதன்மேல் அவளை நிற்கவைத்து, ஒரு பெண் ஊழியர் மென்மையான தூரிகையால் கையையும் காலையும் ஐந்து நிமிஷம் தேய்ப்பார். விழுந்ததைத் தங்கம் நிறுக்கும் தராசில் நிறுப்பார்கள். களிம்பு நின்றுபோனதால் தடிப்பு முதுகிலும் வயிற்றிலும் ஏறியிருந்தது. முதல் மாதத்தை விட இரண்டாம் மாதம் கூட. மூன்றாம் மாதம் அதைவிடக் கூட. தலைவர் படம் வரைந்து காட்டினார், கோடு மேலே போனது.

"பாருங்க, எவ்வளவு நல்லா உதிருது! உள்ள இருக்கற நோய் வெளிய போகுது. எண்ணெய் வேலை செய்யுது."

"குறைஞ்சிருந்தா?" என்று கேட்டேன்.

"குறைஞ்சிருந்தாலும் எண்ணெய் வேலை செய்யுதுன்னுதான் எழுதியிருப்போம். அதுதான் இந்தத் திட்டத்தோட பலம். தோத்துப்போக வழியே வைக்கல."

இதற்கிடையில் பல் மருத்துவமனையில் அவள் செதுக்கிய ஒரு கடைவாய்ப் பல் திரும்பி வந்தது. குழி ஆழம் தப்பிவிட்டது. கத்தி மழுங்கிவிட்டது என்றாள். புதுக் கத்தி வாங்கினாள். அப்புறம் மேசை உயரம் சரியில்லை என்றாள். பிறகு எதுவும் சொல்லவில்லை. பல் டாக்டர் அவளைச் சாந்து கலக்கும் வேலைக்கு மாற்றினார். பதினைந்தாவது வாரம் கரண்டியும் கையில் நிற்கவில்லை.

"கொஞ்ச நாள் வீட்ல இருந்துட்டு வாங்க" என்றார் அவர். "உங்க இடம் எங்கயும் போகாது." அந்த வாரமே அந்த இடத்தில் வேறொருத்தியை உட்காரவைத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வாயில் பல் இல்லாதவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

முப்பத்தாறு வயது மகளுக்குத் தலைவார அப்போதுதான் கற்றுக்கொண்டேன். சீப்பு பட்டால் நெற்றியோரம் ரத்தம் வரும். வலிக்கிறதா என்று நான் கேட்பதில்லை, வலிக்கிறது என்று அவளும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் அதைப் பேசி வழக்கமில்லை. ஒரே ஒரு நாள், கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி, "நான் அன்னைக்கு அந்த எண்ணெயைப் பத்திக் கேட்டிருக்கக்கூடாதுப்பா" என்றாள்.

"நீ கேட்டதுல என்ன தப்பு? டாக்டர் சரியாத்தான் பதில் சொன்னாங்க."

"ரெண்டு பேரும் சரியாத்தான் இருந்திருக்கோம்" என்றாள். "அதுதான் ஆகல."

தோல் டாக்டர் வாரியத்துக்கு அவசரக் கடிதம் எழுதினார். விரல்களின் படங்களையும் இணைத்தார். ஒரு வாரத்தில் பதில் வந்தது: "நோயாளியின் நிலை கவலைக்கிடமாக இருப்பதாகத் தாங்கள் தெரிவித்துள்ளது வாரியத்தின் கவனத்துக்கு வந்தது. இத்தகைய நிலையில் உள்ளவரின் சோதனையை இடையில் நிறுத்துவது அவரது உடல்நலத்துக்கு நல்லதல்ல என வாரியம் கருதுகிறது."

இருபதாவது வாரம் வாரியத்தின் ஆண்டு விழா. முன்மாதிரி நோயாளி என்று என் மகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தேர்வுக்கு ஆதாரம், ஒரு நாள் கூட அவள் தவறாமல் வந்தது. முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிந்து வரும்படி அழைப்பிதழின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருந்தது, விருந்தினர்கள் சங்கடப்படக்கூடாது என்பதற்காக. போகவேண்டாம் என்றேன். போகாவிட்டால் கோப்பு என்னாகும் என்றாள். போனோம்.

தலைவர் மேடையில் பேசினார். "நண்பர்களே, எங்க மேல பொறாமைப்படறவங்க கேக்கறாங்க, இந்தப் பிரிவால எத்தனை பேர் குணமானாங்கன்னு. குணமாக்கறது மேல் மாடி வேலை. நாங்க அவங்க வேலையில தலையிடறதில்ல. எங்க வேலை ஒழுங்கு. வந்த நாள்லேருந்து ஒரு ஏப்பம் தவறாத இந்தப் பொண்ணைப் பாருங்க. மருந்து இல்லாமயே இவ்வளவு பொறுமையா இருக்க முடியும்னு இந்த உலகத்துக்குக் காட்டியிருக்கு."

கைதட்டினார்கள். கண்ணாடியில் செய்த மீன் ஒன்றை அவள் கையில் கொடுத்தார். கையுறைக்குள் விரல்கள் மடங்கவில்லை. மீன் நழுவி மேடையில் விழுந்து உடைந்தது.

"எப்படி வழுக்குது பாருங்க!" என்றார் தலைவர். "எண்ணெய் அந்த அளவுக்கு ஊறியிருக்கு."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அவள் குனிந்து துண்டுகளைப் பொறுக்க முயன்றாள். நான் மேடையேறி அவள் தோளைப் பிடித்து அழைத்து வந்தேன். பத்திரிகைப் படத்தில் நான் மகிழ்ச்சி தாங்காமல் ஓடி வருவதாகப் போட்டிருந்தது.

நூற்று ஐம்பத்தைந்தாம் நாள் மூக்கர் கடைசித் 'தெளிவை' எழுதிவிட்டு எழுந்து நின்று என் மகளுக்கு வணக்கம் சொன்னார். கோப்பு மாடிக்கு ஏறி, மேசை மேசையாக நகர்ந்தது; ஒரு மாதம் கழித்து எங்களைக் கூப்பிட்டார்கள். மாடியில் எல்லாம் கண்ணாடிக் கதவுகள். எழுத்தர் அனுமதிச் சீட்டை எடுத்து வைத்தார். முத்திரை ஏற்கெனவே விழுந்திருந்தது. "இங்க ஒரு கையெழுத்து மட்டும்" என்றார்.

என் மகள் எழுதுகோலை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு எழுதினாள். வேலிக்கம்பி மாதிரி ஏதோ வந்தது. எழுத்தர் கோப்பிலிருந்த அட்டையோடு ஒப்பிட்டார்.

"இது அவங்க கையெழுத்து இல்லையே."

"அவங்க இங்கதான உக்காந்திருக்காங்க?" என்றேன். "கை வளைஞ்சு போச்சு. அதுக்குத்தான் ஊசியே."

"கைய பத்தி நான் ஒண்ணும் சொல்லல சார். கையெழுத்தைப் பத்திச் சொல்றேன்."

"கட்டைவிரல் ரேகை வாங்கிக்கோங்க."

"அது எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு மட்டும். ரத்த உறவுல யாராவது உறுதிமொழி குடுத்தா வாங்கிக்கலாம்." இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். "மேற்படி நபருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை நேரில் அறிவேன்" என்று அதில் இருந்தது.

அவளுக்கு நான்கு வயதில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான். பத்து வயதில் என் அலுவலகப் பத்திரம் ஒன்றில் எல்லை தப்பாக எழுதியிருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னவள் அவள்.

"எழுந்திரும்மா, போகலாம்" என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. "அப்பா, இடது கையில இன்னும் மூணு விரல் அசையுது."

நான் நின்றுகொண்டே இருந்தேன். எழுத்தர் தண்ணீர் குடித்தார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று நிமிஷம் போனதைப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன்.

எழுத்தர் அதையும் அட்டையோடு ஒப்பிட்டார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"சார், உங்க கையெழுத்தும் பொருந்தலையே."

முப்பத்து நான்கு வருஷம் ஒரு கோடு மாறாத கையெழுத்து. குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். கை நடுங்கியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

"வேற உறவுக்காரங்க யாராவது?"

"இல்லை" என்றேன். மைத்துனர் இருந்தார். அன்று நான் சொன்ன பொய்கள் இரண்டு.

"கவலைப்படாதீங்க, அதுக்கும் வழி இருக்கு" என்று எழுத்தர் மணியடித்தார். உறவினரின் கையெழுத்தும் பொருந்தாவிட்டால் அவரையும் எழுத்தறிவில்லாதவராக எழுதி, வாரிய ஊழியர் இருவர் சாட்சி சொல்லலாமாம். கீழேயிருந்து மூக்கர் வந்தார். படிவத்தைப் படித்ததும் அவர் முகம் தொங்கிப்போனது.

"சார், நீங்க தினம் எனக்குக் கையெழுத்துப் போட்டீங்களே."

"எழுதுங்க" என்றேன்.

இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. நானும் மகளும் ஒரே மைப்பெட்டியில் கட்டைவிரலை வைத்தோம்.

அடுத்த திங்கட்கிழமை முதல் ஊசி போட்டார்கள். நான்கு நாள் மிச்சம் என்று நினைத்திருந்தோம்; மாடி மேசைகளிலும் இந்தக் காகித வேலையிலும் ஐந்து வாரம் போய், ஆறு மாதக் கெடு கடந்துவிட்டிருந்தது. டாக்டர் வலது கையை நீட்டச் சொன்னார். பிறகு அவரே அதை மெதுவாகத் திரும்ப அவள் மடியில் வைத்தார். "இது இப்படியேதாம்மா. இடது கையைக் காப்பாத்திடலாம். ஆனா ஊசியை விடக்கூடாது. விட்டா அதுவும் போயிடும்."

காப்பாற்றினார். நான்கு மாதத்தில் முதுகும் வயிறும் தெளிந்தன. இடது கை வீக்கம் வடிந்தது. அவள் மெழுகுக் கத்தியை இடது கையில் பிடித்துப் பழகினாள். என் சோப்புக் கட்டிகள் எல்லாம் பற்களாயின. ஒரு நாள் பல் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மேல்வரிசை முன்பல் ஒன்றுக்கான அச்சைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று அவள் இரண்டு முறை பாட்டு முணுமுணுத்தாள்.

வாரியம் எங்களை மறக்கவில்லை. எழுத்தறிவில்லாத குடும்பங்களுக்குக் கடிதங்களைப் படித்துச் சொல்ல வாசிப்பு உதவியாளர் ஒருவரை மாதம் ஒரு முறை அனுப்பும் திட்டம் இருந்தது. உறுதிமொழி பொய் என்று தெரிந்தால் ஊசி நிற்கும். ஆகவே ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் நான் புத்தக அலமாரியின்மேல் படுக்கை விரிப்பைப் போர்த்துவேன். செய்தித்தாளை மெத்தைக்கு அடியில் வைப்பேன். என் தகப்பனார் வாங்கிய அகராதியைக் குளியலறையில் வாளிக்குள் வைத்து மூடியிருக்கிறேன்.

உதவியாளர் இளைத்த மனிதர், வியர்வையோடு வருவார். முதல் தடவையே கேட்டார்: "படிக்கத் தெரியாதவருக்குக் கண்ணாடி எதுக்குங்க ஐயா?"

"ஊசியில நூல் கோக்க."

"ஓ" என்று எழுதிக்கொண்டார்.

ஐந்தாவது மாதம் அவர் கொண்டுவந்த கடிதம் இரண்டு பக்கம். மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து, காகிதத்தை மேசைமேல் பரப்பி, விரல் வைத்து நிறுத்தி நிறுத்திப் படித்தார். "மேற்படி நோயாளியின் தோலும் மூட்டும் கணிசமாகக் குணமடைந்திருப்பதை வாரியம் மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறது. இருபத்து நான்கு வாரம் உட்கொண்ட மீன் எண்ணெயின் பலன் சற்றுத் தாமதமாக..."

என் மகளின் இடது கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தது. அவள் உதடு வெளுத்துவிட்டது. தலைகீழாக இருந்த காகிதத்தில் அவள் கண் நான்கு வரி முன்னால் போயிருந்தது. நானும் அந்த வரியைப் பார்த்தேன்.

உதவியாளர் நிமிர்ந்தார். "என்னம்மா ஆச்சு? நல்ல சேதிதான படிக்கிறேன்?"

"விரல் வலி" என்றேன். "அப்பப்ப வரும். நீங்க படிங்க."

அவர் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்தார். "தாமதமாகத் தெரியவந்துள்ளமையால், இனி ஊசி தேவையற்றது என முடிவு செய்து, வரும் மாதம் முதல் அதனை நிறுத்தி, மீன் எண்ணெயை மட்டும் ஆயுள் முழுவதும் தொடர ஆணையிடப்படுகிறது."

இப்போது அவள் இரண்டாம் முறை அதிர்ச்சி அடையவேண்டியிருந்தது. அடைந்தாள். நானும் அடைந்தேன்.

"அப்புறம் கடைசியா ஒரு வரி இருக்கு" என்றார். "ஆட்சேபணை இருப்பின் முப்பது நாளைக்குள்..." நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். காகிதத்தை மடித்தார். "அது கைப்பட எழுதித் தர்றவங்களுக்கு. உங்களுக்குப் பொருந்தாது. எதுக்கு உங்க மனசைக் கஷ்டப்படுத்தணும்?"

நல்ல மனிதர். கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டு, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார்.

நான் அலமாரியின் மேலிருந்த விரிப்பை இழுத்துக் கீழே போட்டேன். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"எழுதினா பொய்யா உறுதிமொழி குடுத்ததா ஆயிடும்பா" என்றாள். "ஊசி போயிடும்."

"எழுதலைன்னாலும் போகுது."

"உங்க மேல வழக்குப் போடுவாங்க. கூண்டுல ஏத்துவாங்க. முப்பத்து நாலு வருஷப் பேரு."

"அதை நான் மாடியிலயே வெச்சிட்டு வந்துட்டேன். சொல்லு, எழுதறேன்."

அவள் கொஞ்ச நேரம் மெழுகுக் கத்தியை இடது கையில் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு அதை மேசைமேல் வைத்துவிட்டு, நிதானமாக, எனக்குக் கை வலிக்காத வேகத்தில் சொல்லத் தொடங்கினாள்.

"வாரியத் தலைவர் அவர்களுக்கு, எழுதப் படிக்கத் தெரியாத இருவர் எழுதிக்கொள்வது."